பின்னிருக்கையில் மஞ்சள்

ஒக்டோபரில் முதல் குளிர்க்காற்று அடித்ததும் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத் தமிழ்ச் சனம் தடித்த ஜாக்கெட்டுகளைத் தேடும். ஜெயமலர் காரிடம் போவாள். துணி மிதியடிகளை உதறிச் சுருட்டி நிலவறையில் வைத்துவிட்டு, விளிம்பு உயர்ந்த ரப்பர் மிதியடிகளைப் போடுவாள். அவற்றுக்கு அடியில் பழைய பேப்பர். சப்பாத்தோடு வரும் பனி உருகி, தெருவில் கொட்டுகிற உப்போடு சேர்ந்து கம்பளத்துக்குள் இறங்கினால், பிறகு எந்தத் தேய்ப்புக்கும் அந்த வெள்ளைக்கோடு போகாது. கதவு ரப்பர்களுக்குக் கொழுப்புப் பூசுவாள். பூசாவிட்டால் இரவில் உறைந்து ஒட்டிக்கொண்டு, காலையில் இழுக்கக் கிழிந்து வரும். பால்நிறத் தோல் இருக்கைகளுக்குக் கிறீம் தேய்த்து ஊறவிடுவாள். முன்கண்ணாடிக்குக் கீழே ஈரம் உறிஞ்சுகிற பை ஒன்று. அது கனத்துவிட்டால் ஹீட்டருக்கு மேலே காயப்போட்டுத் திரும்ப வைப்பாள்.

"மலரக்காவின்ரை காரிலை ஏறுறதும் கோயிலுக்குப் போறதும் ஒண்டு. வாசலிலை காலைத் தட்டிப்போட்டுத்தான் உள்ளை போகோணும்" என்று விஜயரத்தினம் பகிடி விடுவான். அவனும் பெண்சாதி ரஞ்சினியும் இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்தார்கள். இரத்த உறவில்லை. ஆனாலும் அவர்களின் மகள் துஷானிக்கு ஜெயமலர் பெரியம்மா.

கார் புருசன் வாங்கியது. வாங்கிய அடுத்த வருசமே மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அந்தக் காரில்தான் துஷானி நீச்சலுக்குப் போனாள், சோதனைகளுக்குப் போனாள், வங்கியில் முதல் நாள் வேலைக்கும் போனாள். மாப்பிள்ளையாக நிலக்சனைப் பேசி முடித்தபோது, "என்ரை எழுத்துக்குப் பெரியம்மாதான் கார் ஓடோணும்" என்று அவளே வாயால் சொன்னாள். கலியாணப் பதிவைத்தான் எழுத்து என்பார்கள். அதை ஆனியிலும், தாலிகட்டை ஆவணியிலும் வைப்பதாகப் பேச்சு. ஜெயமலர் அன்றைக்கே மனதுக்குள் ஒரு சேலையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

தை மாதத்தில் அவளுக்கு முதுகு வைத்தியத்துக்கு வடகடல் பக்கத்தில், சில கிழமை தங்கியிருந்து உடம்பைத் தேற்றுகிற றேஹா நிலையமொன்றில் இடம் கிடைத்தது. வெயில் காலத்தில் போகலாமென்று தயங்கினாள். ரஞ்சினிதான் விடவில்லை.

"கிடைச்ச திகதியை விடாதேங்கோ அக்கா. பிறகு திரும்ப இடம் கேட்டு அன்ராக் எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சுபோம். காரை நாங்கள் பாக்கிறம்."

காரைப் பூட்டித் திறக்கிற மற்றத் திறப்பை ரஞ்சினியிடம் கொடுத்தாள். "ஓடவேண்டாம். கதவைத் திறந்து கொஞ்சம் காத்துப்படவிட்டு, அந்தப் பையைக் காயவைச்சாப் போதும்."

திரும்பி வந்த மறுநாள் காலை கராஜைத் திறந்தாள். வெளியே கார் பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்ததும் சவுக்கார மணம் வந்தது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தாள். போட்ட பேப்பரைக் காணோம். கம்பளத்தில் உப்புக்கோடு கடற்கரை அலைபோல வளைந்து கிடந்தது. ஆரோ பலபேர் நனைந்த காலோடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். பின்னிருக்கையில், கிறீம் தேய்த்து வைத்த இடத்தில், உள்ளங்கையளவு சிவப்புக் கறை.

முதலில் இரத்தமென்று நினைத்தாள். பிறகு துணியை வினாகிரித் தண்ணீரில் நனைத்து ஒற்றினாள். சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளாகியது. மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போட்டால் சிவக்கும் என்பது எந்தச் சமையலறையிலும் தெரிந்ததுதான். காருக்குள் மஞ்சளுக்கு என்ன வேலை? இருக்கை மடிப்புக்குள் விரலைவிட்டாள். ஊதி நைந்த மஞ்சள் அரிசி ஒன்றும், காய்ந்த அறுகம்புல்லும் நகத்தில் சிக்கி வந்தன.

அறுகரிசி. மணமக்களை வாழ்த்திப் போடுகிற அறுகரிசி.

ரஞ்சினி தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வாயெல்லாம் பல்லாக நின்றாள். "வாங்கோக்கா! முதுகு எப்பிடி? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி கிடக்கட்டும். கார் ஆர் எடுத்தது?"

சோபாவில் இருந்த விஜயரத்தினம் ரீவியின் சத்தத்தைக் குறைத்தான். "நான்தானக்கா. சும்மா நிண்டா பற்றறி செத்துப்போமெண்டு ஒருக்கா ஓடிப் பாத்தனான்."

ஜெயமலர் உள்ளங்கையை விரித்தாள். "பற்றறிக்கு ஆரும் அறுகரிசி போடுறவையோ, தம்பி?"

ரஞ்சினியின் முகம் விழுந்தது. "திடீரெண்டு நாள் வந்திட்டுது அக்கா. தையை விட்டா எழுத்துக்கு நல்ல நாள் இல்லையெண்டு ஐயர் சொல்லிப்போட்டார்."

"நான் றேஹாவுக்குப் போற நாளையும் அவர்தான் பாத்துச் சொன்னவரோ?"

ரஞ்சினி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாப்பிளையின்ரை தாய் பழைய ஆள். பொம்பிளை வெளிக்கிடேக்கை எதிரிலை ஆர் நிக்கினம் எண்டு முழிவியளம் பாக்கிற மனிசி. உங்களை ஆரும் வாசலிலை வைச்சு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எங்களுக்குத் தாங்கேலாது. உங்களுக்காகத்தான்..."

"எனக்குத் தெரியவிடவேண்டாமெண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சதும் எனக்காகத்தான், என்ன? ஒரு படம்கூட என்ரை ஃபோனுக்கு வரேல்லை." ஜெயமலரின் குரல் உயரவில்லை. "என்ரை முகத்திலை முழிக்கக்கூடாது. செத்த மனிசன் வாங்கின காரிலை மட்டும் பொம்பிளை இருக்கலாமோ?"

"எங்கடை வானுக்குள்ளை வெங்காய மணம், அதிலை பொம்பிளையை ஏத்தேலுமோ அக்கா" என்றான் விஜயரத்தினம், பழைய பகிடிக் குரலில். ரஞ்சினி அவனை முறைத்தாள். அவன் திரும்ப ரீவியைப் பார்த்தான்.

அறைக் கதவைத் திறந்துகொண்டு துஷானி வந்தாள். அழுத கண். "சீற்றை நான்தான் கழுவினனான், பெரியம்மா. கழுவக் கழுவச் சிவந்துகொண்டு வந்திட்டுது."

"சீற்றை விடு. போன சனிக்கிழமை காலமை எனக்கு ஃபோன் எடுத்தனீ. காலமைச் சாப்பாடு என்ன, கடல் தெரியுதோ எண்டெல்லாம் கேட்டனீ. எழுத்து அண்டைக்குத்தானே?"

துஷானி தலையாட்டினாள்.

"எங்கையிருந்து கதைச்சனீ?"

"காருக்குள்ளை இருந்து. நல்ல நேரம் வருமட்டும் இறங்கவேண்டாமெண்டு சொன்னவை. எனக்கு உங்கடை நினைப்பா இருந்தது."

றேஹா சாப்பாட்டு மேசையில் இருந்த ஜெர்மன்காரிகளிடம் அந்த அழைப்பை வைத்து, "என்ரை மகள்" என்று பெருமை பேசியது ஜெயமலருக்கு ஞாபகம் வந்தது. அரிசியும் புல்லும் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. அவற்றை மேசை விளிம்பில் வைத்தாள்.

"தாலிகட்டு ஆவணியிலைதானே? அண்டைக்குக் காரை நான் ஓடட்டோ? நீ சொல்லு பிள்ளை. அம்மா சொல்லவேண்டாம்."

துஷானி வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு, ஒரு கணம், தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

அது போதுமாயிருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறமக்கா" என்றாள் ரஞ்சினி.

"யோசியுங்கோ. மற்றத் திறப்பைத் தாங்கோ."

ரஞ்சினி உள்ளே போய்த் திறப்பைக் கொண்டுவந்தாள். ஜெயமலர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, குனிந்ததில் முதுகு பிடிக்க, கம்பியைப் பிடித்தபடி படியிறங்கத் தொடங்கினாள். பாதிப்படியில் மேலேயிருந்து ரஞ்சினியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா... நாளைக்கு எனக்குக் கண் டொக்டரிட்டை டேர்மின் எல்லோ, நீங்கள் கொண்டுபோய் விடுறதெண்டு..."

"பஸ் ஓடுது, ரஞ்சினி" என்றாள் ஜெயமலர், திரும்பிப் பார்க்காமல்.