ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. பட்டாசுக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் வெம்பக்கோட்டை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கார் கடந்து போனது. டமார்! கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸும் கையுமாக வெளியே வந்து, எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று வானத்தைப் பார்த்தார்கள். அதற்குள் நாலு பேர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்கள். புகை இல்லை. காருக்குள் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே போனான்.

அந்தச் சிரிப்பைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மாலைச் சூரியன் கந்தக பூமியின் மீது தன் பொற்கரங்களை…'

வேண்டாம். எங்கள் ஊர் வெயிலை யாரும் இப்படிக் கொஞ்ச மாட்டார்கள்.

இரண்டாவது: 'காளீஸ்வரன் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வெட்டுகிறவன்.' பரவாயில்லை. அவன் தன் பழைய காரைச் சங்கிலிமுத்து பட்டறைக்குக் கொண்டுபோகிறான். சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பெரிய பைப் மாட்டுகிறார்கள். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து டியூனிங்கும் நடக்கிறது. பிக்கப் சும்மா பறக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுச் சட்டென்று காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது.

"ஊரே திரும்பிப் பாக்கும் மாப்ள" என்கிறார் சங்கிலிமுத்து.

(நாடு முழுக்கச் சத்தம் விற்கிற ஊர். இங்கே ஒருவன் சொந்தமாகக் கொஞ்சம் சத்தம் வைத்துக்கொள்ளக் கூடாதா? கட்டுரை என்றால் இந்தக் கேள்வியோடு முடித்திருப்பேன். கதையாகப் போய்விட்டது.)

3

காளீஸ்வரனின் மனைவி மாரிசெல்விக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன்தான் கம்பெனி வாசலுக்கு வந்து கூட்டிப்போவான். பைப் மாட்டிய அன்று, கேட்டுக்கு முந்தின வளைவில், அவளுக்குக் கேட்கட்டும் என்று காலை எடுத்தான்.

சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். நூறு பேர் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். என் திட்டப்படி மாரிசெல்வியும் அவர்களோடு ஓட வேண்டும். காலில் ஒரு முள், வீட்டில் ஒரு சண்டை, ஒரு சமாதானம், சுபம். ஆனால் அவள்

நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் அவள் மட்டும் சத்தம் வந்த பக்கமே ஓடி வருகிறாள். காலில் செருப்பில்லை, கையெல்லாம் வெடிமருந்துத் தூள். மணி ஐந்து. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வருகிறவன் அவள் புருஷன்.

வண்டிச் சத்தம் கேட்டு ஆசையாக ஓடி வருகிறாள் என்று அவன் நினைத்தான். சிரித்தான். கிட்ட வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க போய்ட்டீகன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறியவள்தான், காரில் ஏற மாட்டேன் என்கிறாள்.

4

முடிவுகள்:

அ) பைப்பைக் கழற்றிவிடுகிறான். (இவ்வளவு நல்லவனை நானே நம்ப மாட்டேன்.)

ஆ) சத்தம் அவளுக்குப் பழகிவிடுகிறது. (வாய்ப்பே இல்லை.)

இ) டீக்கடையில் இருந்த ஆள்

சரி, சொல்லிவிடுகிறேன். டீக்கடை உண்டு, நான் அதில் இல்லை. கிளாஸும் கையுமாக நின்றவர்களைக் காரின் கண்ணாடியில்தான் பார்த்தேன். சிரித்தவன் நான். அவள் முகத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

5

மாரிசெல்வி என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். சொந்தப் பெயரைப் போட்டால் சோறு கிடையாதாம். இதுவரை எழுதியதை அடுப்படியில் நின்றபடியே படித்தாள்.

"எல்லாஞ் சரி. முடிவு எங்க?"

"நீயே சொல்லேன்."

"மொதல்ல அந்தப் பைப்பக் கழட்டிட்டு வாங்க. கதைய அப்புறம் பாப்போம்."

கிளம்பிவிட்டேன். பழைய சைலன்ஸர் டிக்கியில் கிடக்கிறது. (ஓட்டிக்கொண்டே எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள்.) ஆனால் என்ன சத்தம் தெரியுமா அது! கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டுவிட ஆசை. அணைக்கட்டுப் பக்கம் போகலாமா என்று யோசித்தேன். அங்கே இரண்டு கம்பெனி இருக்கிறது. மல்லாங்கிணறு பக்கம் வெறும் காடுதான். ஆனால் அங்கிருந்தும் காலையில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேன் கிளம்புகிறது. அதில் பெண்களை வேலைக்கு அனுப்பியவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

ஒரு சத்தம் கேட்டால் யாரும் யாரையும் நினைத்து ஓடாத இடம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் வண்டியை அங்கே திருப்பிவிடுங்கள். அதுவரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், சங்கிலிமுத்து பட்டறையைப் பார்த்து மெதுவாக உருட்டிக்கொண்டிருக்கிறேன்.