பதினொன்று என்று சொன்னான்

"என் ரெயின்கோட்டை எடுத்தது நீதானே?" என்று தம்பி படிக்கட்டில் நின்று கேட்டான். "உன் உடம்புக்கு அது கூடாரம். கழட்டு."

"நீ கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து பறக்கிறவன். மொட்டைமாடியில நனையிறது நான்தான்."

"சரி, போர்த்திக்க. காயவச்சுக் குடு." இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். அன்று காலை அவ்வளவுதான் பேசினோம்.

அவன் பறக்கும் டாக்ஸி ஓட்டினான். நான் முப்பத்தொரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் தளக்காரி. எந்த வண்டி முதலில் இறங்கும், எது காத்திருக்கும் என்று ரேடியோவில் சொல்வது என் வேலை. வண்டியில் மிச்சமுள்ள சார்ஜ் எங்கள் திரையில் தெரியும், பெருமழையில் தெரியாது. அப்போது வாயால் கேட்போம். ஓட்டுநர்கள் பத்து சதவீதம் குறைத்துச் சொல்வார்கள். குறைவாகச் சொன்னவனை முதலில் இறக்குவோம், அவனுக்கு அடுத்த சவாரியும் கிடைக்கும். நாங்கள் மனதுக்குள் அந்தப் பத்தைக் கூட்டிக்கொள்வோம். சந்தையில் பேரம் பேசுவது போல, இரண்டு பக்கமும் அறிந்த பொய். தம்பியும் அதில் கைதேர்ந்தவன்தான்.

பிற்பகல் மூன்றரைக்குக் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. திரை வெளுத்துப் போனது. வண்டிகள் இறங்கும் இரண்டு தளங்களில் ஒன்றைப் பழுதான வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பேர் காத்திருந்தார்கள்: மூத்த ஓட்டுநர் மீசை, அவருக்குப் பின்னால் தம்பி.

"மீசை, சார்ஜ் எவ்வளவு?"

"எட்டு. உள்ள ஒரு அம்மா வாந்தி எடுக்கிறாங்க. சீக்கிரம் சொல்லும்மா."

"தம்பி?"

"பதினொன்னு. ஆஸ்பத்திரி மாடியில ஆளை இறக்கிட்டுக் காலியா வர்றேன். எதிர்காத்து தின்னுடுச்சு."

பதினெட்டு, இருபத்தொன்று என்று மனம் கூட்டிக்கொண்டது. போன வாரம்தான் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருந்தார்: "இது என்ன உங்க வீட்டு வாசலா? தம்பி வந்தா மட்டும் கதவு திறக்குது." மீசையை இறங்கச் சொன்னேன்.

"அக்கா, நெசமாவே பதினொன்னுதான்."

"எல்லாருக்கும் நெசம்தான். அங்கயே நில்லு."

அந்தரத்தில் நிற்பதுதான் சார்ஜை அதிகம் தின்னும். எனக்குத் தெரியாததல்ல.

மீசை இறங்கினார். அந்த அம்மாவின் பெல்ட் கழலவில்லை. காவலாளி குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"ஆறு," என்றான் தம்பி. சற்றுப் பொறுத்து, "நாலு."

அந்தக் குரலில் பேரம் இல்லை. "மீசை, அப்படியே மேல தூக்குங்க, தளத்தை விடுங்க," என்றேன். அந்த அம்மாவின் ஒரு கால் அப்போதுதான் தரையைத் தொட்டிருந்தது. மீசையால் வண்டியைத் தூக்க முடியவில்லை.

"அக்கா, கீழ கார் நிறுத்துற எடத்துல காலி இருக்கா பாரு."

ரேடியோவோடு ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து பார்த்தேன். "கிழக்கு மூலை. வேலி ஓரமா."

"தெரியுது."

வேகமாகத்தான் இறங்கினான். ஏழாவது மாடி உயரத்தில் வண்டியின் விசிறிகள் நின்றன. பாராசூட் விரிய அந்த உயரம் போதாது. வேலிக்கு இருபதடி முன்னால் விழுந்தான்.

மூன்றாம் நாள் மீசை வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எனக்குப் பத்தொன்பது இருந்துச்சும்மா."

"நான் பதினெட்டுன்னு நெனச்சேன்," என்றேன்.

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அவராகத் திரும்பிப் போனார்.

இப்போது சார்ஜை யாரும் வாயால் கேட்பதில்லை. எந்த மழையிலும் திரையில் தெரிகிறது. பழுதான வண்டிகளுக்கு ஐந்து மாடி கீழே தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். தளத்தில் வேறொரு பெண் உட்காருகிறாள். காற்றில்லாத நாளில், தம்பி கடைசியாக வந்த வழியில், ஆஸ்பத்திரி மாடியிலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் பறந்து வர இன்றும் ஒன்பது நிமிடம்தான்.