பிரசங்கத்தில் விடுபட்ட இடம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதை கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பயத்தோடு உங்களை எழுந்து போக விடமாட்டேன், அதற்கு நான் பொறுப்பு.

நாட்டைவிட்டு ஓடியிருந்த ராஜா திரும்பி வந்து இரண்டு வருடம் ஆனபோது ஒரு சட்டம் வந்தது. சர்ச்சுகளில் எல்லாம் ஒரே ஜெபப் புத்தகம்தான். அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாத போதகருக்குப் பிரசங்க மேடை கிடையாது. நம் கோல்செஸ்டரில் போதகர் ஒபதியா தர்லோ கையெழுத்துப் போடவில்லை. ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் கடைசிப் பிரசங்கம் செய்தார். தேடி வருகிற சேவகர்கள் குடும்பத்தைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று வீட்டுக்கே திரும்பாமல் கிளம்பிப் போனார். வைக்கோல் கொட்டகைகளில் ஒளிந்து பிரசங்கித்தார், பிடிபட்டார், ஒருவரையும் பார்க்க விடாத சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

அவருடைய பிரசங்கங்களைப் பத்து வருடமாகச் சுருக்கெழுத்தில் எடுத்தவள் டாமரிஸ் பாஸ்க், நெசவாளி நேத்தனின் மனைவி. நம் பெண்கள் பலரும் அப்படி மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொள்வார்கள். டாமரிஸின் கோடுகளையோ அவள் ஒருத்தியால்தான் வாசிக்க முடியும். அந்தக் கடைசிப் பிரசங்கத்தை அச்சில் போடலாமென்று லண்டன் அச்சுக்காரர் ஒருவர் கடிதம் எழுதினார். அவள் அதை எல்லாருக்கும் புரிகிற எழுத்தில் பிரதி எடுக்க உட்கார்ந்தாள்.

அன்றைக்கே போதகரின் மனைவி கெசியா வந்து நின்றாள்.

"நான் அன்னைக்கு சர்ச்சுக்கு வரல, டாமரிஸ். காலைல பெரிய சண்டை. 'நாலு பிள்ளைங்க இருக்கு, கையெழுத்தப் போட்டுத் தொலைங்க'ன்னு கத்தினேன். தொப்பிய எடுத்துக்கிட்டுப் போனவர்தான். என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? யாரைக் கேட்டாலும், 'எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தோம், காதுல விழல'ங்கறாங்க."

"எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டறேம்மா," என்றாள் டாமரிஸ்.

நல்ல பகல் வெளிச்சம். கீழே தறிச்சத்தம். அவள் முதல் கோட்டை வாசித்ததும் அறைக்குள் ஒபதியாவின் குரல் எழுந்தது. அதே நிதானம், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அதே வறட்டு இருமல். அவள் பேனாவை விடாமல் எழுதினாள். எழுத எழுத, குரல் கூடவே வந்தது.

நேத்தனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"இன்னும் பேசறாரா?" என்றான் அவன். "உசிரோட இருக்கும்போதே மேடையில மணற்கடிகாரம் தீந்தா ரெண்டு தடவ கவுத்து வெச்சுப் பேசின மனுஷனாச்சே! செத்தப்புறம் யாரு அவரை நிறுத்தறது?"

"சிரிக்காதீங்க. எனக்குக் குலை நடுங்குது."

மூன்றாம் நாள், 'இன்று காலை என் வீட்டில்' என்ற இடத்துக்கு வந்தாள். அதற்கப்பால் அரைப் பக்கம் வெறும் தாள். பிரசங்கம் கேட்ட அன்றைக்கு அவளும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்கிறாள். குரலும் அங்கேயே நின்றது. போகவில்லை, நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

கெசியாவின் முகம் நினைவுக்கு வந்தது. பத்து வருடம் எழுதிய கை. அவர் நடை அவளுக்குத் தெரியாதா? 'என் மனைவியை விட்டு வந்தேன். அவள் என்னிலும் நல்லவள், கோபத்திலும் என்னை நேசிக்கிறவள்' என்று தானே எழுதி இடத்தை நிரப்பினாள். வாசித்துக் காட்டியபோது கெசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

மறுநாள் டாமரிஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து குரல்: 'என் மனைவியை விட்டு வந்தேன், அவள் என்னிலும்...' இருமல். மறுபடி முதலிலிருந்து. மனப்பாடம் வராத பிள்ளை ஒப்பிப்பதுபோல, தான் சொல்லாத வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, பாதியிலேயே தடுமாறினார். கிணற்றடியிலும் அதே. சந்தையிலும் அதே. தன்னுடைய பொய்யை ஒரு செத்த மனிதர் வாயில் திணித்துவிட்டோம், அவரால் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நேராகக் கெசியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

கெசியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அவர் வாயில வார்த்தைய வெக்க உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தா? இப்ப இதை ஏன் வந்து சொல்ற? எனக்கு இருந்தது அந்த ஒண்ணுதானே!"

"அடிங்கம்மா. அடி வாங்கிக்கறேன். அவர் படற பாட்டைக் கேக்க முடியலம்மா."

கெசியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "வா. உன் நோட்டுல இருக்கறத வாசி. இருக்கற வரைக்கும் வாசி."

அதே அறையில் டாமரிஸ் வாசித்தாள். 'இன்று காலை என் வீட்டில்' என்று நிறுத்தினாள். மூச்சு கேட்டது. இந்த முறை கெசியாவுக்கும் கேட்டது; நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள்.

"பிள்ளைங்க பட்டினி கெடக்குமேன்னு பயந்தேன்," என்றாள் எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து. "அவ்வளவுதான். நீங்க கையெழுத்துப் போடாம இருந்தது எனக்குப் பெருமைதான்யா. வீட்டுக்கு வந்திருந்தா அதையும் கத்தித்தான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அது உங்களோடவே இருக்கட்டும். மேல போங்க."

டாமரிஸ் அடுத்த கோட்டை வாசித்தாள். அறையில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

எழுதிய பொய்யை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினார்கள். 'மை தீர்ந்துபோனதா?' என்று அச்சுக்காரர் கேட்டு எழுதினார். 'இல்லை, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்' என்று கெசியாவே பதில் போட்டாள். புத்தகத்தில் அந்த இடம் வெள்ளையாகவே வந்திருக்கிறது. சத்தமாக வாசிக்கிறவர்கள் இன்றும் அங்கே வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள்.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சண்டை வந்தாலும் பேச்சு நின்றுபோகாதிருக்கட்டும். வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும். அடுப்பு அணையாமல், மனசு குளிர்ந்து, நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.