வற்றிய தொட்டியில் ஒரு பாட்டு

கணிப்பொறித் திரையின் மூலையில் தேதி தவறாக இருந்ததைச் சவுரிமுத்துவால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. இரயில்வே சிக்னல் பிரிவில் காலமெல்லாம் உழைத்தவர் அவர். வீட்டில் எந்தக் கடிகாரத்தையும் பிந்த விடமாட்டார். ஜூன் மாதத்தில் ஜனவரி என்று காட்டிய இயந்திரத்தைக் கண்டதும், பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டுமென்று திருத்தி வைத்துவிட்டு மோர் குடிக்கப் போனார்.

அந்தப் பொய்த் தேதியில்தான் பிள்ளைகளின் பாட்டு உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

மகன் பென்னி கிட்டாரை இணைத்து இசை மென்பொருளைத் திறந்தான். சோதனைக் காலம் முடிவடைந்தது என்னும் அறிவிப்பு எழுந்தது. தேதியை மீண்டும் ஜனவரிக்குத் தள்ளினான். இம்முறை அது ஏமாற மறுத்தது.

“யாரு தேதிய மாத்துனது?”

“நான்தான்டா. அஞ்சு மாசம் பின்னாடி கெடக்குது, கண்ணு தெரியலியா உனக்கு?”

“ஐயோ அப்பா! ட்ரையல் வெர்ஷன்பா அது. வேணும்னுதான் பின்னாடி வெச்சிருந்தேன். இப்ப லாக் ஆயிடுச்சு!”

வாசற்படியில் நின்ற அக்காள் ஜாஸ்மின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கல்லூரிக் கலைவிழா மேடையில் பாட வேண்டுமாயின், பாட்டைக் குறுந்தட்டில் பதிந்து அன்று மாலை ஐந்து மணிக்குள் தாம்பரத்தில் கொடுத்தாக வேண்டும். எதையும் கடைசி நாள்வரை இழுத்தடிப்பது தம்பியின் வழக்கம்.

தலை குனிந்து, காலடியிலுள்ள, ஒலியை மாற்றும் பெடல்களையே பார்த்துக்கொண்டு வாசிப்பதால், பென்னி விரும்பிய இசைக்கு மேல்நாட்டார், காலணியை உற்றுப் பார்த்தல் என்னும் பொருளில், ஷூகேஸ் என்று பெயரிட்டனர். பெடல்கள் வாங்க வழியில்லாத பென்னிக்கு அந்த மென்பொருளே பெடல்கள். ஒரு தந்தியைத் தீண்டினால் போதும். ஒலி மார்கழிப் பனிபோல் மடிப்பு மடிப்பாகப் பரவி அறையை நிறைக்கும். அப்பனிக்குள் ஜாஸ்மினின் குரல் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் மிதக்கும். “உன் குரல் முதல் பெஞ்சுக்கே எட்டலியேம்மா” என்று கோயில் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்டவள் அவள். அந்தப் பனி இருந்தமையால்தான் மீண்டும் வாயைத் திறந்தாள்.

“எஃபெக்ட் இல்லாமலே பாடிடுக்கா.”

“முடியாதுடா. மொட்டையா என் குரல் மட்டும் கேட்டா சிரிப்பாங்க.”

அப்போது சன்னலுக்கு வெளியே, குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, மாடிவீட்டு அங்காளம்மா உள்ளே குனிந்து கத்தினாள். “ஒரு சொட்டு இல்லியே! இந்த ரங்கன் தண்ணி லாரிய எட்துகினு எப்ப வருவான்?”

மழை பொய்த்த ஆண்டின் வற்றிய தரையடித் தொட்டி அது. “வருவான்… வருவான்…” என்று நெடுநேரம் முனகி அடங்கியது.

“பென்னி, கேட்டியா?” என்றாள் ஜாஸ்மின்.

அடுத்த சில நிமிடங்களில் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கயிறு கட்டித் தொட்டிக்குள் இறக்கி, பிளாஸ்டிக் முக்காலியின்மேல் நிறுத்தினார்கள். மைக் தொட்டியின் வாயிலிருந்து தொங்கியது; பதிவு செய்ய மட்டும் கணிப்பொறியிலேயே இருந்த சாதாரண ஒலிப்பதிவு நிரல் போதுமானதாயிற்று. மின்கம்பி சன்னல் வழியாகத் தொட்டிக்குள் இறங்குவதைக் கண்ட சவுரிமுத்துவுக்கு முகம் வெளுத்தது.

“உள்ள கரண்ட் போவுது. லாரி வந்தா என்னடா ஆவறது?” என்றவர், விடைக்குக் காத்திராமல் தாமே வாயிற்கதவருகே காவல் நின்றார்.

முதற்பதிவைப் பேருந்தின் ஒலிப்பான் கெடுத்தது; இரண்டாவதைக் குக்கரின் சீழ்க்கை. மூன்றாவதைத் தொடங்குமுன் லாரியே வந்து நின்றது. எங்கிருந்தோ குடங்கள் முளைத்தன. ரங்கன் இறங்கிக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். தொட்டிக்குள்ளிருந்து கிட்டாரின் உறுமல் எழுந்தது.

“இன்னா சார், தொட்டில பேய் குடி வந்துகினு கீதா?”

“நாலே நிமிஷம் ரங்கா” என்றார் சவுரிமுத்து.

“அடுத்த தெருவுல வண்டிய மடக்கிடுவாங்க சார். தண்ணி வேணுமா, வேணாமா?”

“வேணும்யா!” என்று அலறினாள் அங்காளம்மா. “பாட்டாம் பாட்டு! பாத்திரம் தேய்க்கத் தண்ணி இல்ல, இதுல கச்சேரி வேற!”

ரங்கன் குழாயின் வாயைத் தொட்டியை நோக்கித் தூக்கினான். சவுரிமுத்து பாய்ந்து அதை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“உள்ள கரண்ட் ஓடுது. தண்ணி வுட்டா என் பொண்ணு போயிடுவா!”

ரங்கனின் கை தளர்ந்தது. தொட்டி விளிம்பில் மண்டியிட்டிருந்த ஜாஸ்மினை அப்போதுதான் பார்த்தான். லாரியின் எஞ்சினை நிறுத்தினான். “சீக்கிரம் பாடு தங்கச்சி.”

சட்டென்று விழுந்த அமைதியில், சூழ நின்ற அத்தனை முகங்களும் அவளையே நோக்கின. எழுந்து ஓடிவிட வேண்டும்போலிருந்தது. ஆனால் தந்தையின் மார்பில் குழாய் இருந்தது. அவர் சட்டை முழுதும் சேறு. சன்னலுக்குள் பென்னி தந்திகளை மீட்டினான். அவள் இருட்டுக்குள் குனிந்தாள்.

பாடினாள். முதலடி நடுங்கியது. கீழே சென்ற குரல் சுவர்களில் உரசிப் பெருகி, கிட்டாரின் இரைச்சலைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தது. அது தன் குரல்தானா என்று ஐயுற்றாள். அடுத்த அடியை அஞ்சாமல் இறக்கினாள். அங்காளம்மா குடம் உரசாதபடி இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

கடைசித் தந்தி ஒலித்தது. ரங்கன் குழாயை வாங்கக் கை நீட்டினான். சவுரிமுத்து, சிவப்புக் கொடி காட்டியவரைப்போல் ஒரு கையை உயர்த்தினார். எதிரொலி தேய்ந்து தேய்ந்து முற்றும் அடங்கியபின்பே அக்கை இறங்கியது.

பிளக்கைப் பிடுங்கினார்கள், பெட்டியை மேலே இழுத்தார்கள். தொட்டியின் வெற்றுத் தரையில் தண்ணீர் பேரிரைச்சலோடு விழுந்தது. மைக்கை எடுக்க மறந்திருந்தார்கள், அவ்விரைச்சலும் பதிவாயிற்று.

“அதை வெட்டிடறேன்” என்றான் பென்னி.

“வேணாம். இருக்கட்டும்” என்றாள் ஜாஸ்மின்.

“ஏம்மா ஜாஸ்மினு, ஒரு வார்த்தையும் புரியலியே” என்றாள் அங்காளம்மா. “ஆனா காதவுட்டுப் போவ மாட்டேங்குது.”

“அப்படித்தான்க்கா இருக்கணும்” என்று சிரித்தான் பென்னி.

சவுரிமுத்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாவுது. வண்டிய எடு.”

பாட்டைப் பதிந்த குறுந்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜாஸ்மின் தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்தாள். தாம்பரம் போகும் வழியில், கேம்ப் ரோட்டுப் பேருந்துகளின் இரைச்சலில் பென்னி ஏதோ கேட்டான். அவள் விடை சொன்னாள். முதல் தடவையிலேயே அவனுக்குக் கேட்டது.