இருபத்தைந்து டிகிரி வரும் வரை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. பால் பொங்கும் வரை அடுப்பருகில் நிற்க மாட்டேன். லிஃப்ட் கீழே வருவதற்குள் நான்கு மாடி ஏறிவிடுவேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடப்பேன், பாதி வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போகும். கம்பெனியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘அவசரம்’. அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்ப மாட்டேன்.

நாங்கள் தயாரிப்பது கை கழுவும் திரவ சோப்பு. இரண்டாயிரம் லிட்டர் தொட்டியில் அதைக் கலக்குவது என் வேலை, பதினோரு வருடமாக. கலந்ததைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது லேப். அந்த லேபில் ஆறு மாதமாக உட்கார்ந்திருப்பவள் என் தங்கை. நான் பத்தாவதோடு ஓடி வந்துவிட்டேன், அவள் உட்கார்ந்து வேதியியல் படித்தாள். ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பாள்.

இது நடந்த அன்றைக்கு அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் கடிதம் தருவார். ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. எனக்கோ ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தாகிவிட்டன, இரண்டும் அவசரத்தால் வந்தவை. மூன்றாவது வந்தால் நேராக வாசல்தான்.

அப்படிப்பட்ட நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரை முப்பது டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று செய்முறைச் சீட்டில் எழுதியிருக்க, நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன். சோப்புப் பசை சீக்கிரம் கரையும், இருபது நிமிடம் மிச்சம். அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதீர்கள். அது எனக்கே தெரியாது.

கரைந்த பிறகு உப்பு. ஆமாம், சாதாரண உப்புதான். திரவ சோப்பைக் கெட்டியாக்குவது அதுதான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது தங்கை எனக்கு விளக்கினாள்.

“சோப்போட ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால் இருக்குக்கா. வாலுக்குத் தண்ணியே ஆகாது. அதனால வாலெல்லாம் உள்ள ஒண்டிக்கும், தலையெல்லாம் வெளிய நிக்கும். ஆனா தலைக்கும் தலைக்கும் ஆகாது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி மின்சாரம், ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். உப்பைப் போட்டா அந்தத் தள்ளல் அடங்கும். நெருங்கி நிக்கும். நெருங்கி நெருங்கி நீள நீளமா இழை ஆகும். இழையும் இழையும் சிக்கிக்கிட்டா அதான் கெட்டி.”

“நம்ம தலைமுடி மாதிரின்னு சொல்லு.”

“உன் தலைமுடி மாதிரி. நீதான் சீவறதே இல்லையே.” கையிலிருந்த நுரையை என் மீது சுண்டினாள். “ஆனா அக்கா, உப்பு அளவு தாண்டிச்சுன்னா...”

அதற்குள் நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மீதியைக் கேட்கவில்லை.

அன்று சீட்டில் இருந்த முப்பது கிலோவைப் போட்டுக் கலக்கினேன். ஒன்பதரைக்குத் தங்கை வந்து குடுவையில் மாதிரி எடுத்தாள்.

“சூடா இருக்கே. தண்ணியை ஏத்திட்டியா?”

“லேசா.”

“சூட்டுல எல்லாம் துள்ளிக்கிட்டு இருக்கும்க்கா, பிடிப்பே இருக்காது. இருபத்தஞ்சு டிகிரிக்கு வரட்டும். நாற்பது நிமிஷம். அதுவரைக்கும் தொட்டியைத் தொடாதே.”

அவள் போய்விட்டாள். நாற்பது நிமிடம்! அதற்குள் நான் ஒரு வீட்டையே கழுவித் துடைத்துவிடுவேன். பன்னிரண்டு மணிக்கு லாரி வரும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கு. துடுப்பை எடுத்துப் பார்த்தேன். சளசளவென்று ஒழுகியது. கெட்டி என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. இந்தச் சரக்கு தேறாது, இன்றைக்குப் போய் தேறாமல் போகிறதே, தங்கையின் கடிதத்தில் மண் விழப் போகிறதே என்று துடுப்பைக் கீழே வைத்தேன். கால் தரையில் நிற்கவில்லை. தொட்டியை இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் உப்பு மூட்டை கண்ணில் பட்டது.

அரை மூட்டை கொட்டினேன். கலக்கினேன். கெட்டியாகவில்லை. இன்னும் நீர்த்ததுபோல் இருந்தது, பிரமை என்று நினைத்தேன். மீதி அரை மூட்டையையும் கொட்டினேன். இருபத்தைந்து கிலோ. காலி மூட்டையை மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகினேன். அதை ஏன் ஒளித்தேன் என்றால், செய்யக் கூடாததைச் செய்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

பத்தே காலுக்கு லேபிலிருந்து சீட்டு வந்தது. கெட்டியின் அளவு மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், மீட்டர் காட்டியது நாலாயிரத்து இருநூறு. தேறிவிட்டது. கீழே தங்கையின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக. நான் கொட்டுவதற்கு முன்னால் எடுத்த மாதிரி அது. கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் போதும். எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

சொல்லியிருக்கலாம். அப்போதே ஓடிப்போய் சொல்லியிருக்கலாம். ஆறினால் கெட்டியாகிவிடும், உப்பு கூடினால் கூடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு வால்வைத் திறந்துவிட்டேன்.

பாட்டிலில் நிரப்பும் அறையிலிருந்து பதினொன்றரைக்குக் கூச்சல் கேட்டது. குழாயிலிருந்து சோப்பு தண்ணீராகப் பீறிட்டுப் பாட்டில் கழுத்தில் மோதித் தெறித்தது. மூடியைத் திருகினால் விளிம்பில் கசிந்தது. சூப்பர்வைசர் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டினார், பச்சைத் தண்ணீர் சலக் சலக்கென்றது.

“இதுக்குப் பேரு சோப்பா? நாலாயிரத்து இருநூறுன்னு எழுதியிருக்கு! யாரு கண்ணுக்கு நாலாயிரத்து இருநூறு?”

தங்கை வந்தாள். பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“நான் டெஸ்ட் பண்ணினேன் சார். எடுத்த மாதிரியை அப்படியே வெச்சிருக்கேன், வந்து பாருங்க.”

“போன வாரத்து மாதிரியை எடுத்துக் காட்டுவே. மீட்டர்ல வைக்காமலே நம்பர் போடறதுக்கு எதுக்கும்மா ஒரு லேப்? இன்னிக்குன்னு பார்த்து இந்த வேலை. மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

நிரப்பும் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் அவளைப் பொய்க்காரி என்றார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு நிற்கிற எனக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு எழவில்லை. மூன்றாவது கடிதம், பதினோரு வருடம், மாத வாடகை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

லேபுக்கு அவள் பின்னாலேயே போனேன். அவள் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டியின் சரக்கை ஊற்றினாள், தண்ணீர். இன்னொன்றில், உப்பே சேர்க்கும் முன் லேபுக்காகக் காலையில் வழக்கமாக எடுத்து வைக்கும் மாதிரியை ஊற்றினாள், அதுவும் தண்ணீர். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“கொஞ்சம் நில்லுக்கா. தலை சுத்துது.”

நின்றேன். இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கிளறினாள். ஐந்து சுற்று, ஆறு சுற்று. குச்சி தயங்க ஆரம்பித்தது. தூக்கினாள். தேன் போல நூலாக இறங்கியது. தண்ணீரும் தண்ணீரும் சேர்ந்து கெட்டியாகிவிட்டது. என் கண்ணை நானே நம்பவில்லை.

“உப்பு அளவு தாண்டிடுச்சு. தலைங்க ரொம்ப நெருங்கிட்டா இழையும் இழையும் ஒட்டிக் கிளை விட்டுடும். அப்புறம் சிக்கு நிக்காது, வழுக்கிக்கிட்டே போகும். அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றாள். “உப்பில்லாம இன்னொரு தொட்டி போட்டுக் கலந்தா சரியாயிடும். ஆனா எவ்வளவு கலக்கணும்னு தெரியணும். ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தா, தடவைக்கு நாற்பது நிமிஷம், பொழுது போயிடும்.”

“யாரு கொட்டினாங்களோ...”

“யாருன்னு நான் கேக்கவே இல்லையே. எவ்வளவுன்னுதான் கேக்கறேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். பாட்டிலைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதவு திறந்தது, சூப்பர்வைசர்.

“மேனேஜர்கிட்ட பேசிட்டேன். சாயங்காலம் உனக்கு லெட்டர் கிடையாதும்மா. பையை எடுத்துக்க.”

தங்கை கண்ணாடிக் குச்சியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள்.

“இருபத்தஞ்சு கிலோ,” என்றேன்.

“என்னது?”

“முழுசா ஒரு மூட்டை சார். அவ மாதிரி எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் நான்தான் கொட்டினேன். அவ தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனா. அலமாரிக்குப் பின்னாடி காலி மூட்டை இருக்கு, போய்ப் பாருங்க. அவ எழுதின நம்பர் சரியான நம்பர்.”

சூப்பர்வைசர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “உனக்கு இது மூணாவதும்மா. தெரியும்ல?”

“எண்ணத் தெரியும் சார்.”

தங்கை அதற்குள் காகிதத்தில் வகுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டேதான் கணக்குப் போட்டாள். “ஆயிரத்து அறுநூத்தி அறுபது லிட்டர். முப்பது டிகிரிக்கு மேல போகக் கூடாது,” என்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சீட்டில் உள்ளபடியே செய்தேன். சூடு முப்பதில் நின்றது, பசை அதன் இஷ்டத்துக்குக் கரைந்தது, நான் துடுப்புக்குப் பக்கத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர் ஏழு வரை பொறுப்பதாகச் சொன்னார். மூன்று மணிக்கு இரண்டு தொட்டியையும் கலந்தோம்.

மூன்றே முக்காலுக்கு அவள் குடுவையில் மாதிரி எடுத்து, ஆறுவதற்காக லேபின் சின்னத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தாள். பக்கத்தில் தவறு அறிக்கைப் படிவம். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு மேல் அவள் பேனா அப்படியே நின்றது. எழுதினால் என் வேலை போகும், எழுதாவிட்டால் அவளுடையது.

“கொடுடி இங்கே.” பேனாவைப் பிடுங்கினேன். ‘காத்திருக்காமல் நான் கொட்டிய உப்பு’ என்று எழுதி, அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் போட்டேன். அவசரத்தால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குடுவைக்குள் வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது. தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டாள். கால் துடித்தது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருபத்தேழு.

கதவுக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். “அவசரம்! மேனேஜர் ரூமுக்கு உடனே வரணுமாம்!”

“இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு,” என்றேன். “காத்திருக்கச் சொல்லு.”