அக்காவின் காலடி

ஒன்பதாவது எட்டில் சுவர் வந்தது, அக்கா திரும்பினாள். பக்கத்து அறையில், நான்கு பக்கமும் மெத்தையும் போர்வையும் சாத்திவைத்த மூலையில், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவன் அதைக் கேட்டான். குதிகால் விழுகிறது. விரல்கள் தயங்குகின்றன. பிறகு பாதி உராய்வு, பாதி பெருமூச்சு.

படங்களுக்குக் காலடிச் சத்தம் சேர்ப்பது அவன் தொழில். திரையில் யார் நடந்தாலும் உண்மையில் நடப்பது இவன் கால்தான். போலீஸ்காரனாக நடந்திருக்கிறான், மாதம் நிறைந்த கர்ப்பிணியாக நடந்திருக்கிறான், ஒருமுறை யானையாகவும். தொற்று வந்து ஸ்டுடியோவைப் பூட்டிய பிறகு வீட்டுக்கே வந்த இந்தப் படத்தின் நாயகிக்கு மட்டும் அந்தக் கால் ஒத்துவரவில்லை. மனம் பிசகி, அடைத்த அறைக்குள் ஓயாமல் நடப்பவள் அவள். நான்கு நாள் விதவிதமாக நடந்து அனுப்பினான். “நடிக்கிற மாதிரி இருக்கு சார்” என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார் டைரக்டர்.

ஐந்தாம் நாள் அக்காவின் கட்டிலுக்கு அடியில் மைக்கை வைத்தான்.

“அழுதுட்டேன் சார்! யாரு கால் இது?” போனில் டைரக்டர்.

“என் கால்தான் சார்.”

அக்காவுக்கு மாத்திரை தீர்ந்துபோயிருந்த வாரம் அது. மாத்திரை இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து காலியான தெருவைக் கேலி செய்துகொண்டிருப்பாள். இல்லாவிட்டால் நடப்பாள். நின்றால் பிடித்துக்கொள்வார்களாம். யார் என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

நேற்று மதியம் மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பையைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார். அவன் அதை எடுத்து மேஜை டிராயரில் வைத்தான். டைரக்டர் கேட்டது இன்னும் ஒரே ஒரு காட்சிக்கு. நாயகிக்கு முற்றிப்போகும் நாள். ஓட்டமும் நடையுமாக இரண்டு நிமிடம். ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டான்.

இன்று காலையில் அக்கா அவன் அறை வாசலில் வந்து நின்றாள். நின்ற இடத்திலேயே கால்கள் மாறி மாறி எழுந்தன.

“மாத்திரை வந்துச்சாடா?”

“இன்னும் வரலக்கா. கடையில ஸ்டாக் இல்லையாம்.”

“சரி.”

அவ்வளவுதான். டாக்டரைச் சந்தேகிப்பாள், குழாய்த் தண்ணீரைச் சந்தேகிப்பாள்; பன்னிரண்டு வருடங்களாகத் தம்பி உள்ளங்கையில் வைத்து நீட்டுவதை மட்டும் என்னவென்று பார்க்காமல் விழுங்குவாள். அவன் போய் ரெக்கார்டரைப் போட்டான்.

பதினொரு மணிக்கு நடை வேகமெடுத்தது. ஏழே எட்டில் சுவர். திரும்பல். ஆறு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். திடீரென்று சத்தம் அடங்கியது. ஒலியைக் கூட்டினான். துணி தரையைத் துடைப்பது போல ஏதோ ஒன்று, அதற்குமேல் எதுவும் இல்லை. விழுந்துவிட்டாளோ?

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். அக்கா அதே வேகத்தில் நடந்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு கால்களிலும் துண்டைச் சுற்றி, பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“என்னக்கா இது?”

“நீ வேலை பாக்கறல்ல. என் சத்தம் உள்ள விழுந்து கெட்டுப்போயிடுமேன்னுதான்.” நடந்துகொண்டே சொன்னாள். “நிக்கத்தான் பாத்தேன். முடியலடா.”

அவன் திரும்பிப் போய் டிராயரை இழுத்தான். தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக வந்து கையை நீட்டினான். அக்காவின் கால்கள் அன்று முதன்முறையாக நின்றன. அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், மைக்கிலிருந்து கதவுவரை ஓடிய கறுப்பு ஒயரைப் பார்த்தாள்.

“இப்பதான் வந்துச்சா?”

அவள் கை நீளவில்லை. பக்கத்து அறையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சின்னத் திரையில் பச்சைக் கோடு அசையாமல், அவன் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தது.