அக்கவுண்ட் யார் பேரில்

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் என்னைப் பெற்ற அய்யா என்னை இங்கே சேர்த்துவிட்டார். எட்டு மாதம் கேட்கவில்லை. இன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை சென்னையில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசுத் தேர்வில் தேறியிருக்கிறேன், இளநிலை உதவியாளர் வேலை. ஒரிஜினல் இல்லாமல் போய் நின்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முதலாளி பாண்டித்துரை சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் இரும்பு பீரோ. இருபத்திரண்டு பேரின் படிப்பு அதற்குள் பூட்டிக் கிடக்கிறது.

"ரெண்டு வருஷம் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"அப்பறம் என்ன? கால் வெயிட்டிங்ல இருக்கு. போய் வேலையப் பாரு, மாரி."

போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

உச்சிப்புளி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடிதான் எங்கள் ஆபீஸ். பக்கத்து விமானதளத்து ஹெலிகாப்டர் சத்தம் போனில் பேசும் வெள்ளைக்காரர் காதில் விழக் கூடாதென்று சார் ஜன்னலையெல்லாம் தெர்மாகோல் வைத்து அடைத்திருக்கிறார். உள்ளே வந்துவிட்டால் வெளியே வெயிலா மழையா என்றே தெரியாது. இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்க பாய்லர் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு சின்னத் திரை, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். எத்தனை டிகிரி வேண்டுமோ அதில் வைத்தால் அதுவே பாய்லரை எரியவிடும், அணைக்கும். அது மக்கர் பண்ணினால் போன் எங்களுக்கு வரும். எங்களில் ஒருவரும் அந்தப் பாய்லரைக் கண்ணால் கண்டதில்லை. பயிற்சியின் முதல் நாள் படத்தைக் காட்டியபோது பக்கத்து சீட் மாஷிதா கேட்டாள்: "ஏண்டி, இம்புட்டுப் பெரிய பாய்லரு, ஒரு டீ கூட வராதா?"

ஷெஃபீல்டிலிருந்து டோரதி என்ற அம்மா பேசினார். வயது எண்பத்தொன்று. அங்கே காலை எட்டு மணி, வீட்டுக்குள் பதினொரு டிகிரி. மேல்கோட்டோடு படுத்து எழுந்ததாகச் சொன்னார். அவர் பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. எனக்குக் கழுத்தில் வியர்வை.

வரிசையாகக் கேட்டேன். திரையில் இருபத்தொரு டிகிரி வைத்திருக்கிறார், சுடர் படமும் தெரிகிறது. பேட்டரி புதிது. பாய்லரின் சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது. பாய்லர் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா இருக்கும், ரிசீவர். தெர்மோஸ்டாட் சொல்வதைப் பிடித்து பாய்லரிடம் கொடுப்பது அதுதான். அதில் என்ன விளக்கு எரிகிறது என்றேன். சிவப்பு என்றார். இரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டது. சுவரில் இருப்பது எரி எரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, டப்பாவுக்குக் கேட்கவில்லை.

மறுபடி இணைக்க ஆப் வேண்டும். ஆப் மகனின் போனில். அக்கவுண்டும் அவன் பேரில். அவன் நேற்று ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியிருக்கிறான், நாளைக்குத்தான் இறங்குவான்.

இந்த இடத்தில் நாங்கள் சொல்ல வேண்டிய வரி எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது: மன்னிக்கவும், அக்கவுண்ட் வைத்திருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். அந்த ரிசீவரில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் தெர்மோஸ்டாட்டைக் கேட்காமலே பாய்லர் எரியும். அக்கவுண்ட் வைத்திருப்பவர் தவிர மற்றவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது.

சொன்னேன். அமுக்குங்கள், வீடு சூடானதும் மறுபடி அமுக்குங்கள், அணைந்துவிடும்.

டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு உறுமல். பச்சை விளக்கு என்றார் டோரதி அம்மா. பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது.

கால் முடிவதற்குள் சார் என் பின்னால் வந்து நின்றார். எங்கள் கால்களை அறையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பார்.

"ஏத்தா, அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்கு?"

"மகன் பேர்ல."

"அப்ப யாரைக் கேக்கணும்?"

"குளிர்ல கெடந்தது அந்தம்மா."

"அது நமக்கு எதுக்கு? யாரு பேர்ல இருக்கோ அவுக சொன்னாத்தான் எதுவும். இதுகூட வெளங்கல, நீயெல்லாம் என்னத்தப் படிச்ச?"

"அப்ப பீரோவுல இருக்க சர்டிபிகேட்டு யாரு பேர்ல சார் இருக்கு?"

ஹாலில் கீபோர்டு சத்தம் நின்றது. மாஷிதா வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா பயமா தெரியவில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்கப்பன் தங்கசாமி இருவத்தஞ்சு வருஷமா எங்க வயல்ல நிக்கிறான். ஒரு நாள் எதுத்துப் பேசுனதில்ல. நாளைக்கு அறுப்புக்கு வரட்டும், அவன்கிட்டப் பேசிக்கிறேன்."

என் அய்யாவுக்கு ஐம்பத்தேழு வயது. இவருக்கு முப்பத்தெட்டு. அய்யா இவரைச் சின்னய்யா என்பார், இவர் அய்யாவை அவன் என்பார்.

அவர் அறைக்குள் போனதும் எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. சார் டைப் அடிக்க மாட்டார். "மாரி, நீ அழுதாலும் பெரண்டாலும் உன் சர்டிபிகேட்டு என் பீரோவுலதான் இருக்கும். ரெண்டு வருஷம் முடிஞ்சு தாரேன். திங்கக்கிழமை ஷிப்டுக்கு வந்து சேரு."

இரண்டு தடவை கேட்டேன். சேர்ந்த அன்று சர்டிபிகேட்டைக் கொடுத்ததற்கு அய்யா ஒரு சீட்டுக்கூட எழுதி வாங்கவில்லை. சின்னய்யாவிடம் சீட்டுக் கேட்டால் மரியாதை இல்லையாம். உன்னிடம் வாங்கவே இல்லை என்று இவர் சொல்லியிருந்தால் என் கையில் ஒன்றும் கிடையாது. இப்போது இவரே தன் வாயால் சொல்லிவிட்டார். அதை என் மெயிலுக்கும் மாஷிதாவின் போனுக்கும் அனுப்பினேன். பிறகு அய்யாவைக் கூப்பிட்டேன்.

"அய்யா, சர்டிபிகேட்டுக்காக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ஏந்த்தா... அவுக வயல்லதான நிக்கிறேன்."

"தெரியும்யா."

"அறுப்பு முடியட்டுமே. நான் கால்ல விழுந்தாச்சும் வாங்கித் தாரேன்."

"விழுகாதீக. அதுக்கா என்னைப் படிக்க வச்சீக?"

வேற வயலா இல்லை என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயதில் அவரை யார் புதிதாக வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? அவர் வேலைக்கு உலை வைப்பது நான்தான். தெரிந்தேதான் வைக்கிறேன்.

பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

"எங்கடி போற?" என்றாள் மாஷிதா.

"ஸ்டேஷனுக்கு."

"எங்க வாப்பாவும் என் சர்டிபிகேட்ட அந்தப் பீரோவுலதான்டி குடுத்து வச்சிருக்காக."

"அப்ப வா."

அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த கால் வந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு அவள் "குட் மார்னிங்" சொல்வது காதில் விழ, நான் படியிறங்கினேன்.